பாக்கின் மேல் போட்ட பழி

ஒரு முதிய பெண்மணியின் வலது கண் பார்வை போனதில் எனக்குப் பங்கு இருக்கிறது. நான் கண் மருத்துவன் இல்லை, பல் மருத்துவன். ஜோகுபாளையத்தில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். "அபூர்வமான நோய், யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது" என்ற வாக்கியத்துக்குப் பின்னால் இதுவரை ஒளிந்திருந்தேன். அதில் முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி பொய். அந்தப் பொய்யைத் திருப்பி எடுத்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். அவருடைய மகளின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் வரக்கூடாது என்பது மட்டும் அவர் போட்ட நிபந்தனை.

பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கத்துக்கும் இந்திரா நகருக்கும் இடையில் இருக்கிறது ஜோகுபாளையம். கண்டோன்மெண்ட் காலத்திலிருந்தே தமிழ்க் குடும்பங்கள் வேர்விட்ட வட்டாரம். பேச்சில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே மூச்சில் வந்து போகும். என் நாற்காலியில் வந்து சாய்பவர்களில் பலருக்கு வெற்றிலை, பாக்கு, புகையிலை, பான் மசாலா என்று ஏதோ ஒன்று பழக்கம். பாக்கு செய்யும் கேட்டை அடிக்கடி பார்க்கிறேன். கன்னத்தின் உட்புறம் வெளிறி, நார் நாராகத் தடித்து, கடைசியில் வாயே திறக்க முடியாமல் போகும். சிலருக்கு அது புற்றுநோயில் கொண்டுபோய் விடும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியானவற்றின் பட்டியலில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பாக்கையும் சேர்த்திருக்கிறது. அதனால் திட்டுவேன், நன்றாகவே திட்டுவேன். வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு வந்து, "நீங்களே ரெண்டு வார்த்தை சொல்லுங்க டாக்டர்" என்று என்னிடம் ஒப்படைக்கிற மனைவிமார் உண்டு. திட்டுகிற டாக்டர் என்ற பெயர் எனக்குப் பிடித்திருந்தது. என் தவறுக்கு விதை அங்கேதான் விழுந்தது.

அந்த ஆயாவுக்கு எழுபது கடந்திருந்தது. மகளோடு வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் சொன்னார்: "மெல்லும்போது கன்னம் நோவுது தம்பி. ஒரு சப்பாத்தி தின்னு முடிக்கறதுக்குள்ள இறுக்கிப் புடிச்சிக்குது. மெல்றத வுட்டுட்டா கொஞ்ச நேரத்துல சரியாப் பூடுது. களி முழுங்குனா ஒண்ணுமில்ல."

இந்த நான்கு வாக்கியங்களுக்குள் நோய் முழுவதும் இருந்தது. இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது. களி உருண்டையை மெல்லாமல் விழுங்குவது இந்த ஊர் வழக்கம். மெல்லாமல் விழுங்கினால் வலி இல்லை, மென்றால் வலி, நிறுத்தினால் வலி போய்விடுகிறது. படிப்பறிவு இல்லாத அந்த அம்மாள் தன் தாடையை வைத்து ஒரு பரிசோதனையே செய்து, முடிவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டார்.

நான் அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, அவர் உதட்டுச் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எத்தனை வருஷமா வெத்தலை போடறீங்க?" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

பரிசோதிக்காமல் விட்டுவிட்டேன் என்றால்கூடக் குற்றம் கொஞ்சம் லேசாக இருக்கும். பரிசோதித்தேன். மூன்று விரல் நுழைகிற அளவுக்கு வாய் தாராளமாகத் திறந்தது. கன்னத்தின் உட்புறம் மிருதுவாக இருந்தது, வெளிறல் இல்லை, நார் இல்லை. பாக்கினால் வந்த நோய் என்றால் இப்படி இருக்காது. அந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். ஆனால் கையில் இன்னொரு பதில் தயாராக இருந்தது. காலையிலிருந்து இரவு வரை வெற்றிலை மெல்கிற தாடை. மூட்டும் தசையும் களைத்துப்போகாமல் என்ன செய்யும்? தீர்ப்பை அப்படியே வைத்துக்கொண்டு குற்றப் பிரிவை மட்டும் மாற்றினேன்.

தாடைத் தசைகளை விரலால் அழுத்திப் பார்ப்பது எங்கள் வழக்கம். கன்னத்தை அழுத்தினேன், பொறுத்துக்கொண்டார். நெற்றிப்பொட்டை அழுத்தியதும் துள்ளிவிட்டார். "தலைக்கு எண்ணெய்கூட வைக்க முடியல தம்பி, சீப்பு பட்டாலே நோவுது" என்றார். தோள்பட்டையைத் தூக்கிக் கொண்டை போட முடியாமல் அம்மா தவிக்கிறார் என்று மகள் சேர்த்துச் சொன்னார். "வயசாச்சு இல்லையா" என்றேன். கேஸ் ஷீட்டில் நெற்றிப்பொட்டுத் தசையில் வலி என்று எழுதினேன். வெற்றிலைப் பழக்கம் என்று எழுதி, அதன் அடியில் இரண்டு கோடு போட்டேன்.

இனி வருவது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அதனால்தான் இதை அறியாமைக் கணக்கில் எழுத முடியவில்லை. பிடிஎஸ் முதல் வருடத்தில் மாசெட்டர் தசையின் ரத்த ஓட்டத்தை நம்பர் போட்டு எழுதி மார்க் வாங்கியவன் நான். பல்லைக் கடித்தால் கன்னத்தின் பின்பக்கம் புடைத்து எழும்புகிறதே, அந்தத் தசைதான் மாசெட்டர். கன்ன எலும்பிலிருந்து கீழ்த்தாடையின் மூலை வரை இறங்குகிறது. கழுத்தில் ஏறி வரும் வெளிக் கரோடிட் தமனி, காதுக்குக் கீழே, தாடையின் கழுத்துக்குப் பின்னால் இரண்டாகப் பிரியும். ஒரு கிளை தாடைக்கு உட்புறமாகப் போகும் மாக்ஸிலரி தமனி. மற்றது காதுக்கு முன்னால் மேலேறி நெற்றிப்பொட்டுக்குப் போகும் மேலோட்டமான டெம்போரல் தமனி. மாக்ஸிலரி தமனியின் நடுப்பகுதியிலிருந்து மாசெட்டருக்கென்று ஒரு சிறு தமனி கிளம்பி, தாடை எலும்பின் மேல் விளிம்பில் உள்ள பள்ளத்தின் வழியாக வெளியே வந்து, தசையின் அடிப்புறத்தில் நுழைகிறது. முகத் தமனியும், டெம்போரல் தமனியிலிருந்து கன்னத்தின் குறுக்கே ஓடும் கிளையும் துணைக்கு ரத்தம் தருகின்றன. நெற்றிப்பொட்டில் விசிறிபோல விரிந்திருக்கும் டெம்போராலிஸ் தசைக்கும் அதே மாக்ஸிலரி தமனியின் நடுப்பகுதியிலிருந்து இரண்டு ஆழ்ந்த கிளைகள், அதோடு டெம்போரல் தமனியின் ஒரு கிளை. மெல்லுகிற வேலை முழுவதும் இந்த ஒரே குடும்பத்துக் குழாய்களை நம்பித்தான் நடக்கிறது.

இந்தக் குழாய்களின் சுவர் அழற்சியால் தடித்து, உள்வழி சுருங்கினால் என்ன ஆகும்? எங்கள் சந்தில் காவிரித் தண்ணீர் விடும் நேரத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். ஒரு வீட்டில் மட்டும் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், எல்லா வீட்டிலும் திறந்தால் மாடியில் காற்றுதான் வரும். தாடை சும்மா இருக்கும்போது சுருங்கிய குழாயில் வரும் ரத்தமே போதும். மெல்ல ஆரம்பித்ததும் தசை பல மடங்கு கேட்கிறது. குழாயால் கொடுக்க முடிவதில்லை. தசை வலிக்கிறது. நிறுத்தினால் கேட்பதும் குறைகிறது, வலியும் போகிறது. நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் சரியாகிற ரத்தக்குழாய் நோயாளிகளைப் பொது மருத்துவர்கள் தினமும் பார்க்கிறார்கள். இது அதன் தாடைப் பதிப்பு. மூட்டுக் கோளாறில் வலி வாய் திறக்கும்போது வரும், பல் கோளாறில் கடிக்கும் அந்த நொடியில் வரும். மெல்ல மெல்லக் கூடி, நிறுத்தினால் சில நிமிடத்தில் கரைகிற வலி வேறு ஜாதி.

நோயின் பெயர் ஜயன்ட் செல் ஆர்டரைட்டிஸ். ஐம்பது வயதுக்குக் கீழே பெரும்பாலும் வராது, எழுபதுகளில்தான் அதிகம், பெண்களுக்குக் கூடுதல். நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தோள்பட்டையும் இடுப்பும் இறுகிப்போகும். தலைத்தோல் தொட்டாலே வலிக்கும். இதே அழற்சி, கண் நரம்பின் முனைக்கு ரத்தம் தரும் மெல்லிய தமனிகளை அடைத்தால் பார்வை திடீரென்று போகும். போனது பெரும்பாலும் திரும்புவதில்லை. சிகிச்சை தராவிட்டால் சில நாளிலோ சில வாரங்களிலோ அடுத்த கண்ணும் போகலாம். ஆனால் முன்கூட்டியே சந்தேகப்பட்டு ஸ்டீராய்டு கொடுத்தால் பார்வையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அந்த இடைவெளிக்குள்தான் ஆயா என்னிடம் வந்திருந்தார். நெற்றிப்பொட்டில் அவர் துள்ளியபோது என் விரல் தசையின் மேல் மட்டும் இருக்கவில்லை, டெம்போரல் தமனியின் மேலும் இருந்தது. அங்கே துடிப்பு இருக்கிறதா என்று பார்க்க அந்த விரல் அசையக்கூட வேண்டியிருக்கவில்லை.

நான் செய்த வைத்தியத்தைச் சொல்கிறேன். உயர்ந்து நின்ற ஒரு மேல்கடைவாய்ப் பல்லைக் கொஞ்சம் ராவிவிட்டேன். வலி மாத்திரை எழுதினேன். ராகியும் ரசம் சாதமும் சாப்பிடுங்கள், கடினமாக எதையும் மெல்லாதீர்கள், முக்கியமாக வெற்றிலை பாக்கை இன்றோடு விட்டுவிடுங்கள் என்றேன். சொன்ன விதம் சாதாரணமாக இல்லை. வாய்ப் புற்றுநோய்ப் படங்கள் ஒட்டிய அட்டையைக் காட்டிப் பயமுறுத்தினேன். அரை நூற்றாண்டுப் பழக்கத்தை அந்த அம்மாள் அன்றே விட்டார்.

வலி குறைந்தது. மறுபடி வந்தபோது நிஜமாகவே நன்றாக இருக்கிறது என்றார். நான் மகளைப் பார்த்து, "பாத்தீங்களா?" என்றேன். அந்த "பாத்தீங்களா"வை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. மெல்வதை நிறுத்தினால் வலி போகும் என்பது அவர் முதல் நாளே சொன்ன செய்தி. மெல்வதை நான் நிறுத்தச் செய்தேன், வலி போனது. அதை என் கண்டுபிடிப்புக்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன். குழாய் உள்ளே சுருங்கிக்கொண்டே இருந்தது. அதைப் பற்றி வாய் திறந்து சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தத் தாடைத் தசை, அதன் வாயை அடைத்து அனுப்பிவிட்டேன். தவறான சிகிச்சை பலிக்காமல் போனால் நோயாளி வேறு டாக்டரைத் தேடுவார். பலித்ததுபோலத் தோன்றினால் தேட மாட்டார். ஆயா தேடவில்லை.

சில வாரம் கழித்து ஒரு காலையில் எழுந்தபோது வலது கண்ணில் இருட்டுத் திரை விழுந்திருந்தது. கண் மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர், கண்ணைப் பார்த்த கையோடு கேட்ட கேள்விகளில் ஒன்று, "மெல்லும்போது தாடை வலிக்குமா பாட்டி?" என்பது. முன்னால் வலித்தது, பல் டாக்டர் சரிபண்ணிவிட்டார் என்றிருக்கிறார் ஆயா. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர் அளவு நூறைத் தாண்டியிருந்தது. பரிசோதனை முடிவுகள் எல்லாம் வரும் வரை காத்திருக்காமல் அன்றே ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். பிறகு நெற்றிப்பொட்டுத் தமனியில் துணுக்கு எடுத்துப் பார்த்ததில் நோய் உறுதியானது. இடது கண் தப்பியது. வலது கண் திரும்பவில்லை.

மகள் ஒரு மாலையில் கிளினிக்குக்கு வந்தார். சண்டை போட வரவில்லை. புரிந்துகொள்ள வந்தார். "இது முன்னாடியே தெரிஞ்சிருக்குமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். நான் முகத்தில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன்: "இது ரொம்ப அபூர்வமான நோய்மா. நம்ம ஊர்ல யாருக்கும் சட்டுனு தோணாது."

அபூர்வம்தான். வட ஐரோப்பாவில், அதிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளில் அதிகம் காணப்படும் இந்த நோய் இந்தியாவில் குறைவாகவே பதிவாகிறது. அந்த உண்மையைக் கேடயமாகத் தூக்கிப் பிடித்தேன். எனக்கு நோயின் பெயர் தோன்றியிருக்க வேண்டியதில்லை. "இது பல் வலி மாதிரி இல்லை, மூட்டு வலி மாதிரியும் இல்லை, ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள்" என்று சொல்லும் அளவுக்குச் சந்தேகம் வந்திருந்தால் போதும். சந்தேகம் வராததற்கு நோயின் அபூர்வம் காரணமில்லை. என்னிடம் தீர்ப்பு முன்கூட்டியே இருந்தது, அதுதான் காரணம்.

மகள் போனபிறகு இன்னொன்று செய்தேன். இதை எழுத உட்கார்ந்து பலமுறை எழுந்து போனதே இந்தப் பத்திக்காகத்தான். ஆயாவின் கேஸ் ஷீட்டை எடுத்தேன். அதே நீல மை பேனாவால், கடைசி வரிக்குக் கீழே, "பொது மருத்துவரைப் பார்க்க அறிவுறுத்தப்பட்டது" என்று எழுதினேன். யாரும் கேஸ் போடுவதாக மிரட்டவில்லை. அந்த ஷீட்டை யாரும் கேட்கக்கூட இல்லை. கேட்டால் இருக்கட்டும் என்று எழுதினேன். நோயைத் தவறவிட்டதை மனிதத் தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். இதை அப்படிச் சொல்ல எனக்கு வழியில்லை. கை நடுங்கவும் இல்லை. எழுத்து அழகாகவே விழுந்தது.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். குற்றவாளி சட்டப் புத்தகம் படிக்கிற மனநிலையில், எனக்குச் சாதகமாக ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைத்ததெல்லாம் எதிராகவே இருந்தது. 1890-இல் லண்டனில் ஜொனாதன் ஹட்சின்சன் ஒரு முதியவரைப் பற்றி எழுதியிருக்கிறார். நெற்றிப்பொட்டுத் தமனிகள் வீங்கி, சிவந்த கோடுகளாகத் தெரிய, அந்த மனிதரால் தொப்பி போட முடியவில்லையாம். ஆயாவால் சீப்பு வைக்க முடியவில்லை. 1932-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பேயார்ட் ஹார்ட்டனும் உடனிருந்தோரும் இதைத் தனி நோயாக எடுத்துக் காட்டினார்கள். அதே கிளினிக்கில் கென்டாலும் ஹென்ச்சும் கார்ட்டிசோனை மருந்தாக்கி 1950-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். கண்ணைக் காக்கும் மருந்து வகை அப்போதிருந்தே கையில் இருக்கிறது. 2002-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஸ்மெட்டானா, ஷ்மெர்லிங் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தார்கள். நோய் இதுவாகத்தான் இருக்கும் என்ற சந்தேகத்தை மிகவும் வலுவாக்கும் அறிகுறிகள் எவை என்று பார்த்ததில் முன்னால் நின்றவை இரண்டு: இரட்டைப் பார்வை ஒன்று, மெல்லும்போது வரும் தாடை வலி மற்றொன்று. தாடை வலியோடு நோயாளி முதலில் யாரிடம் போவார்? என்னைப் போன்றவனிடம்தான் வருவார். இந்த நோய் கண்ணுக்குப் போகும் முன் தட்டுகிற கதவுகளில் ஒன்று பல் மருத்துவருடையது. அது அபூர்வமாகத் தட்டுகிறது என்பது கதவைத் திறக்காததற்குக் காரணமாகாது.

மகளை நானே போய்ப் பார்த்தேன். கேஸ் ஷீட்டையும் எடுத்துப் போனேன். முதல் நாள் அவர்கள் என்னிடம் சொன்னது, நான் அழுத்திப் பார்த்தது, எழுதியது, எழுதாதது எல்லாம் சொன்னேன். கடைசி வரி பிறகு சேர்த்தது என்பதையும் சொன்னேன். அவர் ஷீட்டை வாங்கி அந்த வரியை இரண்டு முறை படித்தார். "இத ஏன் டாக்டர் எழுதினீங்க? நாங்க உங்கள எதுவுமே கேக்கலியே" என்றார். என்னிடம் பதில் இல்லை. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. சற்று நேரம் கழித்து இரண்டு விஷயங்கள் சொன்னார். "இத மத்த பல் டாக்டருங்களுக்குத் தெரியற மாதிரி எழுதுங்க" என்பது ஒன்று. இரண்டாவது என்னை அசைத்துவிட்டது: "வெத்தலை போட்டதாலதான் கண்ணு போச்சுன்னு அம்மா நம்பிட்டு இருக்காங்க. வர்றவங்ககிட்ட எல்லாம் அதத்தான் சொல்றாங்க. அத மொதல்ல மாத்துங்க."

முதல் கோரிக்கையை இங்கே நிறைவேற்றுகிறேன். ஐம்பது வயது கடந்த யாராவது தாடை வலி என்று வந்தால், வாயைத் திறக்கச் சொல்லும் முன் கேளுங்கள்: மெல்ல மெல்ல வலி கூடுகிறதா, நிறுத்தினால் போகிறதா? புதிதாகத் தலைவலி உண்டா, தலை வாரும்போது நோகிறதா? பார்வை ஒரு கணமாவது மங்கியதா, ஒன்று இரண்டாகத் தெரிந்ததா? தோள் இறுகியிருக்கிறதா, காய்ச்சலோ உடல் இளைப்போ உண்டா? காதுக்கு முன்னால் விரலை வைத்துத் தமனி துடிக்கிறதா, தடித்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் அன்றே அனுப்புங்கள். பார்வையில் மாற்றம் இருந்தால் அந்த மணிநேரமே அனுப்புங்கள். இஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் எந்தத் தெருமுனைப் பரிசோதனைக் கூடத்திலும் பார்க்கக்கூடியவை. வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ளலாம். அம்மாவோ மாமியாரோ திடீரென்று சப்பாத்தியை ஒதுக்கிக் களிக்கும் கஞ்சிக்கும் மாறினால், பல்லைத் தவிர வேறு காரணமும் இருக்கலாம்.

இரண்டாவது கோரிக்கைக்கு ஆயாவின் எதிரே போய் உட்கார வேண்டியிருந்தது. "ஆயா, உங்க கண்ணு போனதுக்கும் வெத்தலைக்கும் சம்பந்தமே இல்ல. அது ரத்தக்குழாய் நோய். நீங்க மொத நாள் சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் காதுல வாங்கல. தப்பு என்னோடது" என்றேன். அவர் தெரிகிற கண்ணை என் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்தார். நோயைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "அப்ப நான் சும்மாவா தம்பி வுட்டேன்?" என்றார்.

சும்மா இல்லை ஆயா, பாக்கு எப்படியும் கெடுதல்தான், வாயில் புண் வந்தால் அது எங்கே போய் முடியும் தெரியுமா என்று என் நாக்கு தானாகக் கிளம்பிவிட்டது. பாதி வாக்கியத்தில்தான் எனக்கே உறைத்தது: நான் மறுபடியும் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன்.